தேய்மானம்... டொக்!

கார் வைத்திருப்பவருக்கு உலகத்திலேயே பயங்கரமான சத்தம் எது? டயர் வெடிப்பதல்ல. அது வெடித்தது, முடிந்தது, ஸ்டெப்னி இருக்கிறது. பயங்கரமானது, கிளட்சை விட்டதும் பின்னாலிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல வருமே ஒரு 'டொக்', அதுதான். ஒரே ஒரு 'டொக்'. அப்புறம் வண்டி சமர்த்தாக ஓடும். அடுத்த சிக்னலில் மறுபடியும் 'டொக்'.

பக்கத்து சீட்டில் இருக்கும் மனைவிக்கு அது தெளிவாகக் கேட்கும். ஓட்டுகிறவர் மட்டும், "எனக்கு ஒண்ணும் கேக்கலையே!" என்பார். (கேட்டால் செலவாச்சே!)

இந்த 'டொக்'குக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு ரப்பர் புஷ். கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் காராக இருந்தாலும் சரி, அது கிழிந்தால் வண்டி புலம்ப ஆரம்பித்துவிடும்.

தேர் திரும்பும் மூலை

முதலில் டிஃபரன்ஷியல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். நேர் வீதியில் தேர் ஜோராக வரும். மூலையில் திரும்பும்போதுதான் திண்டாட்டம். உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம்தான் போக வேண்டும், வெளிப்பக்கச் சக்கரமோ நிறைய தூரம். அதற்குத்தான் முட்டுக்கட்டை, கூச்சல், வியர்வை எல்லாம்.

காருக்கும் அதே பிரச்னைதான். இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிக் கட்டினால், வளைவில் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டேதான் போகும். ஆளுக்கேற்ற வேகத்தைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர ஏற்பாடுதான் டிஃபரன்ஷியல். பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1820-களிலேயே நீராவி வண்டிக்காக இதை வடிவமைத்துவிட்டார். நம்மூர் மெக்கானிக்குகள் இந்த மொத்த சமாசாரத்தையும் 'கிரவுன்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

இன்ஜின் சக்கரங்களை ஒரு பக்கம் முறுக்கும்போது, இந்தக் கிரவுன் பெட்டி எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மூக்கைத் தூக்கும். காலை எடுத்தால் தொங்கப்போடும். அம்பாஸடரில் கவலையில்லை. இரண்டு சக்கரத்தையும் சேர்த்த முழு அச்சும் பட்டை ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும். ஆனால் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் கிரவுன் பெட்டியை சேஸிஸோடு பிணைத்தாக வேண்டும். இரும்போடு இரும்பாகப் பிணைத்தால் பல்சக்கரம் பாடும் கீச்சுக்குரல் முழுவதும் நம் காதுக்கு வந்துவிடும்.

அதனால் நடுவில் ரப்பர். வெளியே ஓர் இரும்பு உறை, உள்ளே ஒரு சின்னக் குழாய், இரண்டுக்கும் இடையில் ஒட்டவைத்த ரப்பர். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி, இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு வெளியே சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும் பிறவி.

அந்தப் பிள்ளைக்கும் வயதாகும் அல்லவா? சூடு, எண்ணெய்க் கசிவு, காற்றிலுள்ள ஓசோன் எல்லாம் சேர்ந்து ரப்பரை வெடிக்கவைக்கும். 'வண்டி ஓடவே இல்லையே, ஷெட்டில்தானே நிற்கிறது!' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நின்றாலும் ரப்பர் முதிரும்.

மெட்ராஸ் சொந்தக்காரன்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பை வரும், அப்புறம் ஒரகடம். இன்று அந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் கார், லாரி, டயர் தொழிற்சாலைகள்தான். ரெனோ-நிஸான் கூட்டணி அங்கே தொழிற்சாலை திறந்தது 2010-ல். படப்பை தாண்டி ஒரு தகரக் கொட்டகையில், அறுபதை நெருங்கும் ஒரு மெக்கானிக் பழைய கார்களுக்கு வைத்தியம் பார்க்கிறார். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்றுக்கு அவர் கிரவுன் புஷ் மாற்றப்போகிறார் என்று கேள்விப்பட்டு, பார்க்கப் போனேன்.

ஸ்பிட்ஃபயர் இங்கிலாந்துக்காரன், 1962 முதல் 1980 வரை வந்த திறந்த மேனி ஸ்போர்ட்ஸ் கார். ஆனால் மெட்ராஸில் அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. பெருங்களத்தூர்-வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு! ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரையே செய்தார்கள். இரண்டையும் வரைந்தவர் ஒரே ஆள், இத்தாலியின் மிகெலொட்டி. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கஸலில், நம்மூர் சாலைக்கும் நம்மூர் பழுதுபார்ப்புக்கும் சரிப்படட்டும் என்று முழு அச்சுக்கே திரும்பிவிட்டார்கள்.

"நான் தொழில் கத்துக்கிட்டதே ஹெரால்டுலதான் சார். அதோட தம்பிதானே இவன்... வாகு தெரியும்" என்றார் மெக்கானிக்.

வண்டிக்காரர் அதற்கு முன் வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார். "கிரவுன்-பினியன் செட்டே போச்சு" என்று சொல்லி, மயக்கம் வரும் தொகைக்கு எஸ்டிமேட் கொடுத்தார்களாம். இவர் எதையும் பிரிக்கவில்லை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார், கீழே புகுந்தார், ஒரு நீள லீவரைக் கிரவுன் பெட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். பெட்டி தாராளமாக எழுந்து உட்கார்ந்தது. 'டொக்'.

"கேட்டீங்களா? பல்லு போகலை சார். மெத்தை போச்சு."

அதோடு விடவில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டின் யு.ஜே. கிராஸைக் கையால் முறுக்கிப் பார்த்தார். கியர்பாக்ஸ் மவுன்ட்டையும் பார்த்தார். அவையும் இதே ராகத்தில் பாடக்கூடியவை. புஷ் கிழிந்த பிறகும் அப்படியே ஓட்டினால், பெட்டி ஆடும் ஆட்டத்தில் அந்த கிராஸும் சீக்கிரம் போய்விடும் என்றார். ஒரு சின்னச் செலவைத் தள்ளிப்போட்டால் அது குட்டி போடும். வட்டிக் கணக்கு மாதிரிதான்.

இறக்கு, ஏற்று

புஷ்ஷின் விலையைவிட, அது இங்கிலாந்திலிருந்து வந்த கூரியருக்கும் சுங்கத்துக்கும் ஆன செலவு அதிகமாம். அதையும்விட அதிகம், அதை மாட்டும் வேலை.

வண்டியைத் தூக்கி நாலு ஸ்டாண்டில் நிறுத்தினார். வெறும் ஜாக்கியை நம்பி அவர் கீழே போவதில்லை, யாரும் போகக்கூடாது. சக்கரம், சைலன்ஸர், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பக்கத்து ஷாஃப்டுகள் எல்லாம் வரிசையாகக் கழன்றன. இந்த வண்டியில் ஒரு விசேஷம்: குறுக்கே போகும் பட்டை ஸ்பிரிங், கிரவுன் பெட்டியின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் உள்ள தகட்டு மூடியைத் திறந்துதான் அதை விடுவிக்க வேண்டும். கடைசியில் பின்பக்கம் குறுக்கே போகும் நீளமான போல்ட். துருப்பிடித்த அந்த போல்ட்டுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார்.

பழைய புஷ் லேசில் வெளியே வருமா? சிலர் கேஸ் டார்ச் வைத்து எரித்து எடுப்பார்கள். "பெட்ரோல் டேங்கு பக்கத்துல இருக்கு, ரப்பர் புகை நெஞ்சுல ஏறும்... எதுக்கு சார் அந்த வீரம்?" என்றவர், ஹாக்ஸா பிளேடைக் கழற்றி உள்ளே விட்டு உறையில் ஒரு கீறல் போட்டு, பெட்டியில் கீறல் விழாமல், புஷ்ஷைப் பிரஸ்ஸில் அழுத்தி எடுத்தார். புதியதை வழி சுத்தமாக்கி, நேராகப் பிடித்து, அழுத்தி இறக்கினார். "கிரீஸ் தடவினா ஈஸியாப் போகாதா?" என்று கேட்டேன். மினரல் எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும், சோப்புத் தண்ணீர்தான் மருந்து என்றார்.

ரப்பரா, அலுமினியமா?

கடையில் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ்ஷும் கிடைக்கும். கெட்டி, நாளைக்கு உழைக்கும், கொஞ்சம் அதிர்வு, சில சமயம் கீச்சொலி. அதற்கும் மேலே, முழு அலுமினியம். ஒரு மயிரிழைகூட அசையாது. இருங்காட்டுக்கோட்டை பந்தய மைதானத்தில், 3.7 கிலோமீட்டர் சுற்றை விநாடிக் கணக்கில் பிய்த்துக்கொண்டு போகிறவருக்கு அது சரி. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் அவருக்கு கிரவுன் அலறினால் என்ன? ஞாயிற்றுக்கிழமை காலை மகாபலிபுரம் போய் இட்லி சாப்பிட்டு வரும் ஆசாமிக்கு ரப்பரே போதும்.

இன்னொரு ரகமும் உண்டு. நிஸான் 350இசட் போன்ற கார்களில் புஷ்ஷுக்குள் திரவம் நிரப்பியிருப்பார்கள். அது கிழிந்து கருப்பாக ஒழுகினால், 'கிரவுன் ஆயில் லீக்' என்று தப்பாக முடிவுகட்டும் ஆபத்து இருக்கிறது. எது ஒழுகுகிறது, எங்கிருந்து ஒழுகுகிறது என்று கேட்டுவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.

பழசைப் பார்த்த கண்

மெக்கானிக்கின் மகன் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் லைனில் வேலை பார்க்கிறார். நைட் ஷிஃப்ட் முடிந்து டிபன் கேரியரோடு வந்தவர், தரையில் கிடந்த பழைய புஷ்ஷை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானும் தினம் புஷ் மாட்டறேன் சார். எல்லாம் பளபளன்னு புதுசு. கிழிஞ்சதை இப்பதான் கையில பிடிக்கிறேன்" என்றார்.

நான் பி.காம். 'தேய்மானம்' என்பதை வருஷாவருஷம் இத்தனை சதவீதம் என்று பேரேட்டில் எழுதத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அது கையில் பிசுபிசுக்கும், ஓரத்தில் பிளந்திருக்கும், எந்தப் பக்கம் அதிகம் அடி வாங்கியது என்று காட்டும் என்றெல்லாம் எந்தப் பாடத்திலும் இல்லை. புதிதாகச் செய்ய அந்தச் சாலை நெடுகத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. தேய்ந்ததைப் பார்த்து, 'இது மட்டும்தான் போச்சு, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது' என்று சொல்லக்கூடிய கண்கள் சில தகரக் கொட்டகைகளில்தான் மிச்சம். அந்த ஒரு வாக்கியத்தில்தான் வண்டிக்காரரின் பணம் தப்பியது.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே மகனைப் பார்த்தார். "எந்தப் பக்கம் பிளந்திருக்கு, சொல்லு பார்ப்போம்?"

"மேல்பக்கம்பா."

"ஏன்?"

மகன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கடியில் குனிந்து பார்த்தார்.