உங்களுக்குத் தெரியுமா? சக்கர நாற்காலிக்குத் தடை கப்பலில் அல்ல, கரையில்!

சக்கர நாற்காலியில் சொகுசுக் கப்பல் ஏறுபவர் அறையைவிட முதலில் பார்க்க வேண்டியது, கப்பல் எந்தெந்தத் துறைமுகங்களில் நிற்கும் என்பதைத்தான். அமெரிக்கக் கடலெல்லைக்குள் வரும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுவாகப் பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லிவிட்டது. அகலக் கதவும் படியில்லாத குளியலறையும் கொண்ட அறைகள் பெரிய கப்பல்களில் கிடைக்கின்றன. முன்பதிவில் முந்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கரீபியக் கடலின் கிராண்ட் கேமன் தீவில் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நங்கூரமிடும், அலையில் ஆடும் சிறு படகுக்கு மாறித்தான் கரை சேர வேண்டும். ‘ஊழியர்கள் தூக்கிவிட மாட்டார்களா?’ என்று கேட்கலாம். மடக்கு நாற்காலி என்றால், கடலும் அமைதியாக இருந்தால், சில கப்பல்களில் உதவுவார்கள். நூறு கிலோவைத் தாண்டும் மின்நாற்காலியை யார் தூக்குவது? மெக்சிகோவின் கொசுமெல் போல, கப்பல் நேரே துறைமேடையில் அணையும் ஊர்களே தோது. அங்கும் நீர்மட்டம் ஏறி இறங்கும்போது இறங்குபாலத்தின் சரிவு செங்குத்தாகிவிடலாம்.