பாதிப் பாட்டுல ஊமையாகும் பேஸ் ஆம்ப்

மேடையில லீட் கிடார் நின்னுபோனா கூட்டமே திரும்பிப் பார்க்கும். பேஸ் நின்னுபோனா பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது, பாட்டு திடீர்னு ஒல்லியாயிட்ட மாதிரி மட்டும் தோணும். வாசிக்கிறவருக்குத்தான் வயித்துல புளி கரைக்கும். அவர் நாபைத் திருகி, கேபிளை ஆட்டி, ஆம்ப் தலையில ஒரு தட்டு தட்டுவார். சத்தம் வந்துடும். அடுத்த பாட்டுல மறுபடியும் போயிடும். கடைக்குத் தூக்கிட்டுப் போனா, அங்க ஒரு மணி நேரம் சமர்த்தா ஓடும்.

எங்க மியூசிக் கிளப்ல இருக்கிறது ஒரு பழைய காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள்ள. அது இப்படி விட்டு விட்டு நின்னப்போ, ஒரு கடையில "அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிடுச்சு"ன்னு மாத்திக் குடுத்தாங்க. கிளப் பணத்துல பெரிய பங்கு அதுக்கே போச்சு. இரண்டே வாரத்துல பழைய கதை.

இங்க கொஞ்சம் நின்னு யோசிக்கணும். செத்துப்போன டிரான்சிஸ்டர் அஞ்சு நிமிஷம் கழிச்சு எழுந்து உட்காராது. எரிஞ்சுபோன ஃபியூஸும் தானா ஒட்டிக்காது. நின்னுட்டு தானாவே திரும்பி வர்ற ஆம்ப்ல பெரும்பாலும் இரண்டுல ஒண்ணுதான் நடக்குது. ஒண்ணு, எங்கேயோ ஒரு கான்டாக்ட் சரியா ஒட்டாம விட்டுவிட்டுத் தொடுது. இல்லைன்னா, ஆம்ப் தன்னைக் காப்பாத்திக்க தானே மூடிக்குது. இந்த இரண்டுல எதுன்னு கண்டுபிடிக்க ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். எப்போ நிக்குது, எப்படித் திரும்பி வருதுன்னு கவனிச்சாலே போதும்.

முதல்ல பவர் லைட்டைப் பாருங்க. சத்தத்தோட லைட்டும் அணைஞ்சா, கோளாறு சுவர் பக்கம். பவர் கார்டு ஆம்ப் பின்னாடி லூசா இருக்கலாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல பிடிப்பு இல்லாம இருக்கலாம். கல்ச்சுரல்ஸ் மேடையில இன்னொரு வில்லன் உண்டு: லைட்டும் சவுண்டும் ஒரே ஜெனரேட்டர் லைன்ல தொங்கும். எல்லா லைட்டும் ஒண்ணா எரியும்போது 230 வோல்ட் நல்லாவே இறங்கும், சில புது ஆம்ப்கள் அதைத் தாங்காம தானே மூடிக்கும். வேற லைன்ல மாட்டிப் பாருங்க. இரைச்சல் வருதுன்னு எர்த் பின்னை மட்டும் உடைச்சு எடுத்துடாதீங்க. ஆம்ப்ல ஏதாவது ஷார்ட் ஆனா, அந்தக் கரண்ட் உங்க கையில இருக்கிற கிடார் கம்பி வழியாத்தான் இறங்கும்.

லைட் எரியுது, சத்தம் மட்டும் இல்லைன்னா காதைத் தீட்டுங்க. நிக்கும்போது உள்ள 'டிக்'னு ஒரு ரிலே சத்தம் கேட்டாலோ, 'புரொடெக்ட்' லைட் எரிஞ்சாலோ, ஆம்ப் தற்காப்புல இறங்கியிருக்கு. அரை மணி நேரம் நல்லா ஓடி, அப்புறம் நின்னு, ஆறினதும் திரும்பி வந்தா அது சூடு. ஆம்ப் முதுகு திரைச்சீலையில ஒட்டியிருக்கா, ஃபேன் சுத்துதா, காத்து போற வழியில தூசி அடைச்சிருக்கான்னு பாருங்க. பலமா வாசிக்கும்போது மட்டும் நின்னா, ஸ்பீக்கர் கணக்கைப் பாருங்க.

அந்தக் கணக்கு நம்ம முதல் வருஷ பாடம்தான். 4 ஓமுக்கு 300 வாட்ஸ்னு எழுதியிருக்கிற ஆம்ப், அந்தப் பவர் குடுக்கும்போது சுமார் 35 வோல்ட், 8.7 ஆம்பியர் தள்ளுது. 4 ஓம் கேபினட் இரண்டை பேரலல்ல மாட்டினா மொத்தம் 2 ஓம் ஆயிடும். அதே வோல்டேஜுக்கு இப்போ 17 ஆம்பியருக்கு மேல கேட்கும். அதுக்குன்னு வடிவமைக்காத ஆம்ப் மூடிக்கிட்டா தப்பு ஆம்போடது இல்ல. அடுத்து, ஆம்புக்கும் கேபினட்டுக்கும் நடுவுல கிடார் கேபிளை மாட்டுறது. வெளியில பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா கிடார் கேபிளோட உள்கம்பி தலைமுடி மாதிரி ஒல்லி. இவ்வளவு கரண்ட் தாங்காது. ஸ்பீக்கான் பிளக் இருந்தா திருகிப் பூட்டினீங்களான்னும் பாருங்க, சும்மா சொருகினா நிக்காது.

'டிக்'கும் இல்ல, சூடும் இல்ல, கரகரன்னு ஒரு சத்தத்தோட போய்ப் போய் வருதுன்னா அது கான்டாக்ட் கேஸ். என் அனுபவத்துல இதுதான் அதிகம், எங்க கிளப் ஆம்ப்ல இருந்ததும் இதுதான்.

ஆம்பைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கிடாரையும் கேபிளையும் வழக்குல இருந்து விடுவிக்கணும். வேற கேபிள், முடிஞ்சா வேற பேஸ் போட்டுப் பாருங்க. மல்டிமீட்டரை கன்டினியூட்டில வெச்சு கேபிளை நுனிக்கு நுனி, உறைக்கு உறை தொட்டு, பிளக் பக்கத்துல வளைச்சுக்கிட்டே பாருங்க. பீப் விட்டுவிட்டு வந்தா கேபிள்தான் குற்றவாளி. ஆக்டிவ் பேஸ்னா உள்ள 9 வோல்ட் பேட்டரி இருக்கும். அது இறங்கினா பலமான நோட்டுகள் முதல்ல பிசிறடிக்கும், அப்புறம் விழுங்கும். பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்கள்ல கேபிள் சொருகியிருக்கிற வரைக்கும் பேட்டரி ஆன்லதான் இருக்கும். ராத்திரி முழுக்க கேபிளோட விட்டுட்டுப் போற ஜூனியர்ஸ், இது உங்களுக்குத்தான்.

கிடாரும் கேபிளும் சுத்தம்னா ஆம்ப் பின்னாடி போங்க. 'சென்ட்', 'ரிட்டர்ன்'னு இரண்டு ஜாக் இருக்கும், எஃபெக்ட்ஸ் லூப்னு சொல்வாங்க. பல ஆம்ப்கள்ல, நீங்க அதுல எதுவும் மாட்டலைன்னாலும் சிக்னல் அது வழியாத்தான் போகும். ப்ரீஆம்ப்ல இருந்து வர்ற சிக்னல், ரிட்டர்ன் ஜாக்குக்குள்ள இருக்கிற ஒரு சின்ன ஸ்ப்ரிங் தகட்டைத் தாண்டித்தான் பவர் ஆம்புக்குள்ள நுழையும். பிளக் சொருகினா தகடு விலகும், எடுத்தா மறுபடி தொடும். வருஷக்கணக்கா யாரும் எதையும் சொருகாம இருந்தா, அந்தத் தகட்டு மேல ஆக்சைடு படலம் படியும். சின்ன சிக்னல் அதைத் தாண்டாது, பலமா ஒரு நோட்டு அடிச்சா உடைச்சுக்கிட்டுப் போயிடும். "ஓங்கி அடிச்சா மட்டும் சத்தம் திரும்ப வருது"ன்னு யாராவது சொன்னா, நான் முதல்ல கை வைக்கிற இடம் இதுதான்.

சோதனை சுலபம். வால்யூமைக் குறைச்சுட்டு ஒரு சின்ன கிடார் கேபிளை எடுத்து சென்ட்டுக்கும் ரிட்டர்னுக்கும் மாட்டுங்க. இப்போ தகடு விலகிடும், சிக்னல் கேபிள் வழியா போகும். அரை மணி நேரம் வாசிச்சும் நிக்கலைன்னா திருடன் பிடிபட்டான். எங்க ஆம்ப் அப்படித்தான் பிடிபட்டது. ஆம்பை ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கிட்டு, கான்டாக்ட் கிளீனரை ஒரு பிளக் நுனியில அடிச்சு, ரிட்டர்ன் ஜாக்ல இருபது தடவை சொருகி எடுங்க. சென்னைல இருக்கிறவங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கு. கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அந்தப் பிசுக்குல தூசி ஒட்டி நிலைமை இன்னும் மோசமாகும். ஹெட்ஃபோன் ஜாக்கையும் இதே மாதிரி சுத்தம் பண்ணுங்க. சில காம்போக்கள்ல ஸ்பீக்கரை மியூட் பண்றது அந்த ஜாக்கோட தகடுதான்.

அதுக்கும் மசியலைன்னா ஆம்பை நடுவுல வெட்டிப் பாருங்க, கத்தியால இல்ல. போன்ல ஒரு பாட்டை ஓட விட்டு, அதை ரிட்டர்ன் ஜாக்ல குடுங்க. போன் வால்யூமை அடியில இருந்து மெதுவா ஏத்துங்க. பாட்டு நிக்காம ஓடினா பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் நிரபராதி, கோளாறு ப்ரீஆம்ப் பக்கம். பாட்டும் அறுந்தா, பவர் ஆம்ப் இல்லைன்னா ஸ்பீக்கர். தனி கேபினட்னா ஆம்ப்ல இருந்து கழட்டி மல்டிமீட்டர் வைங்க. 8 ஓம் ஸ்பீக்கர் 6 கிட்ட காட்டும், அது சரிதான். கோனை இரண்டு கையாலயும் மெதுவா அழுத்தும்போது அந்த எண் தாவித் தாவிப் போனா, காயிலுக்குப் போற கம்பி உள்ள அறுந்துக்கிட்டு இருக்கு.

மிச்சம் இருக்கிறது போர்டுல விரிசல் விட்ட சால்டரிங். பேஸோட கீழ் இ கம்பி 41 ஹெர்ட்ஸ், அஞ்சு கம்பி பேஸ்ல பி இன்னும் கீழ, 31. காம்போல இந்த அதிர்வு முழுக்க வாங்கறது அதே பெட்டியில உட்கார்ந்திருக்கிற போர்டுதான். ஜாக், பெரிய கெபாசிட்டர் மாதிரி கனமான பாகங்களோட கால்கள்ல மெல்லிய வளையமா விரிசல் விழும்.

இதுக்குப் பெட்டியைத் திறந்தே ஆகணும், இங்கதான் உங்களை நிறுத்தப் போறேன். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். வால்வ் ஆம்ப்னா அது 400 வோல்ட்டுக்கு மேலயும் இருக்கலாம், ஆளைக் கொல்லப் போதும். லேப்ல சர்க்கியூட் போட்ட தைரியம் இதுக்குப் பத்தாது. அளந்து, பாதுகாப்பா டிஸ்சார்ஜ் பண்ணத் தெரிஞ்சவர்கிட்ட குடுத்துடுங்க.

ஆனா "நிக்குதுண்ணா"ன்னு மட்டும் சொல்லிக் குடுக்காதீங்க. நிக்கும்போது லைட் எரிஞ்சுதா, ரிலே கேட்டுதா, எத்தனை நிமிஷத்துல நின்னுது, ஓங்கி அடிச்சா வந்துதா, லூப் கேபிள் போட்டப்போ என்ன ஆச்சு, போன் பாட்டு ஓடுச்சா: இவ்வளவையும் ஒரு பேப்பர்ல எழுதி ஆம்ப் மேல ஒட்டுங்க. நிக்கிற நேரத்துல ஒரு வீடியோவும் எடுத்து வெச்சுக்குங்க, கடையில அது எப்படியும் சமர்த்தாத்தான் ஓடும்.