வீட்டுச் சாமான் லாரியும் ரிச்சர்ட்ஸ் டவுன் தெருக்களும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வீடு மாறுவோர், லாரி நிறுத்த நகராட்சியிடம் பெர்மிட் வாங்கி, 48 மணி நேரம் முன்பே தெருவில் அறிவிப்பு வைக்க வேண்டும். "நம்ம ரிச்சர்ட்ஸ் டவுன்ல யார்கிட்ட சார் வாங்கணும்?" என்று மாற்றலாகி வரும் தமிழன்பர்கள் என்னைக் கேட்பதுண்டு.

இங்கே அப்படிக் கொடுக்கும் வழக்கமில்லை. 2021இல் வந்த பார்க்கிங் கொள்கை பேசும் பெர்மிட்டும் குடியிருப்போரின் சொந்த வண்டிக்குத்தான்.

நம்மூரில் சிக்கல் நிறுத்துவதில் அல்ல, நுழைவதில். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, வாகனங்களை நேரம் குறித்துத் தடுக்க அதிகாரம் தருகிறது. அதனால்தான் பெங்களூரில் கனரக லாரிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு. நேரம் அவ்வப்போது மாறும். புலிகேசி நகர் போக்குவரத்துக் காவல் நிலையத்தில் முன்னாடியே விசாரித்துக்கொள்வது உத்தமம்.

கண்டெய்னர் என்றால் இன்னும் கஷ்டம். 40 அடிப் பெட்டி குறுக்குத் தெரு முனையில் திரும்பாது. டிரெய்லர் மேல் ஏற்றினால் உயரம் 13 அடியைத் தாண்டும், மரக்கிளை இடிக்கும். இடிக்கிறதே என்று நாமாக வெட்டவும் முடியாது. 1976ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி கிளை கழிப்பதற்கும் அனுமதி வேண்டும்.

ஆகவே, ஊருக்கு வெளியே இறக்கி, குட்டியானை வண்டிகளில் கொண்டுவருவதே வழி. அந்தக் கூலி யார் தலையில் என்பதை ஏற்றும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். என் தங்கை வீட்டுக்கு வந்த லாரி ராத்திரி பதினொரு மணிக்கு நின்றுகொண்டு, இரட்டிப்புக் கூலி கேட்டது. பீரோவும் ஆட்டுக்கல்லும் அவர்கள் கையில் இருக்கும்போது பேரம் பேச முடியுமா? கொடுத்தாள்.

எதிர்வீட்டுக்காரரிடமும் முதல் நாளே கன்னடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். காரை அவரே நகர்த்தித் தருவார்.