கடைசி சிகரெட்டே முதன்மையானது

சிகரெட்டை விட விரும்புவோர் மின்சிகரெட்டுக்கு மாறி, பின்னர் அதையும் கைவிடும் முறைக்கு அரசின் ஆதரவே கிடைத்திருக்கும் நாடு பிரிட்டன். புகைபிடிக்கும் பத்து லட்சம் பேருக்கு மின்சிகரெட்டுகளை ஆலோசனையுடன் சேர்த்து வழங்கும் திட்டத்தை 2023இல் இங்கிலாந்து அறிவித்தது. இம்முறையின் பயன், சிகரெட்டை எவ்வளவு குறைத்தோம் என்பதைவிட, அதை முழுமையாக விட்டோமா என்பதையே சார்ந்திருக்கிறது.

சிகரெட்டுக்கு ஒருவரை அடிமையாக்குவது நிகோட்டின் என்றாலும், புற்றுநோய்க்கும் நுரையீரல் நோய்களுக்கும் முதன்மைக் காரணம், புகையிலை எரியும்போது உண்டாகும் தார் முதலிய நச்சுப்பொருள்களே. மின்சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. மின்கலத்தால் சூடாகும் சிறிய கம்பிச்சுருள், புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், நறுமணப்பொருள் ஆகியவை கலந்த திரவத்தை ஆவியாக்குகிறது. இந்த ஆவியும் தீங்கற்றதன்று; எனினும் அதன் நீண்டகாலத் தீங்கு, புகைபிடிப்பதன் தீங்கில் ஐந்து சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என்று லண்டனிலுள்ள ராயல் மருத்துவர் கல்லூரி 2016இல் மதிப்பிட்டது.

மாறுகிற முதல் வாரங்களில் உடலும் பழக்கமும் ஒருசேரப் பழக வேண்டியிருக்கிறது. சிகரெட்டின் நிகோட்டின் சில நொடிகளிலேயே மூளையை அடைகிறது. பல மின்சிகரெட்டுகளில் அது மெதுவாகவே சேர்வதால், சிகரெட்டைப் போல வேகமாக இழுக்காமல் மெதுவாகவும் நீளமாகவும் இழுக்கப் பழகுவது நல்லது. தொடக்கத்தில் இருமலும், தொண்டைக் கரகரப்பும், வாய் வறட்சியும் தோன்றலாம் என்பதால் தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும். நிகோட்டின் அளவு போதாத திரவத்தைத் தேர்ந்தவர், வேட்கை தணியாமல் மீண்டும் சிகரெட்டை நாடுவதும் உண்டு. ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்பது பிரிட்டன் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு.

சிகரெட்டும் மின்சிகரெட்டும் கலந்து தொடரும் இடைக்காலம் நீண்டுவிடுவதே இம்முறையின் பெரும் ஆபத்து. நாளொன்றுக்கு இருபது பிடித்தவர் ஒன்றாகக் குறைத்தால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகிவிடும் என்று பலர் நம்புகின்றனர்; ஆனால் ஒரே ஒரு சிகரெட்டும், இருபது சிகரெட் விளைவிக்கும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதியை விளைவிக்கிறது என்று 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. மேலும், 697 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதத்தினரும், இரு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து விட்டவர்களில் 39 சதவீதத்தினரும் நான்கு வாரங்களுக்குப் பின்னும் புகைக்காமல் இருந்தனர். இது நிகோட்டின் மாற்று மருந்துகளோடு நடந்த ஆய்வே ஆயினும், படிப்படியாகக் குறைப்பவரும் கடைசி சிகரெட்டுக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது.

பிரிட்டனில் 886 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான மற்றொரு ஆய்வில், ஓராண்டு முடிவில் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் மின்சிகரெட் பயன்படுத்தியோரில் 18 சதவீதம். சூயிங்கம், ஒட்டுப்பட்டை போன்ற நிகோட்டின் மாற்று மருந்துகளைப் பயன்படுத்தியோரில் 9.9 சதவீதம். ஆயினும் முதல் பிரிவில் வெற்றி பெற்றவர்களில் 80 சதவீதத்தினர் அப்போதும் மின்சிகரெட்டைத் தொடர்ந்து கொண்டிருந்தனர். ஆகவே, சிகரெட்டுக்குத் திரும்பும் அச்சம் நீங்கிய பிறகு, திரவத்தின் நிகோட்டின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து மின்சிகரெட்டையும் கைவிடுவது இரண்டாம் கட்டமாகிறது.

இந்தியாவில் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளதால், இங்குள்ளோர்க்குப் பொருந்துவன நிகோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை, மருத்துவர் தரும் மருந்துகள், 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் ஆகியவையே. ஒருபோதும் புகைக்காதவரும் இளைஞரும் மின்சிகரெட்டைத் தொடவே கூடாது. புகைப்பவரோ எந்த வழியைத் தேர்ந்தாலும் கடைசி சிகரெட் வரை அதில் செல்ல வேண்டும், ஏனெனில் உடல்நலத்தின் பெரும்பகுதி அதற்குப் பின்னரே மீள்கிறது.