பழைய மேஜையும் கை கழுவும் மேடையும்

நம் கிராமத்து வீடுகளில் பரண்மீதோ, மாட்டுக் கொட்டகையின் மூலையிலோ, பழைய மரச் சாமான் ஒன்றாவது கிடப்பதைக் காணலாம். பாட்டனார் கணக்கு எழுதிய மேஜை, கல்யாணச் சீராக வந்த அலமாரி, கதவு கழன்ற பீரோ எனப் பலவகைப் பொருள்கள் இவ்வாறு தூசி படிந்து கிடக்கின்றன. பழைய சாமான் வாங்குவோர் வரும்பொழுது அற்ப விலைக்குக் கொடுத்துவிடுகிறோம், அல்லது விறகாக்கிவிடுகிறோம். நாற்பது ஐம்பது ஆண்டுகள் காய்ந்து முதிர்ந்த தேக்கை அடுப்பில் வைப்பது எத்தகைய நஷ்டம் என்பதை, இன்று மரக்கடைக்குச் சென்று ஒரு கன அடித் தேக்கின் விலையை விசாரித்தவர் அறிவார்.

அதே வீட்டில் மற்றொரு குறையும் உண்டு. 2014 ஆம் ஆண்டில் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தினால் பல வீடுகளில் கழிப்பறை எழுந்தது. 2019 இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம், நபர் ஒருவருக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீரைக் குழாய் வழியே வீட்டிற்கே தருவதைக் குறிக்கோளாகக் கொண்டது. கழிப்பறை வந்தது, குழாய் வந்தது. ஆனால் கழிப்பறையிலிருந்து வெளியே வருபவர் நின்றபடி சோப்பிட்டுக் கை கழுவ ஓர் இடம் பெரும்பாலான வீடுகளில் அமையவில்லை. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நிற்கும் குழாயின் முன் குந்தி உட்கார வேண்டியிருக்கிறது. சோப்பு வைக்க இடமில்லை. வைத்தால் காகம் தூக்கிச் செல்கிறது. முழங்கால் வலியுள்ள முதியோர் குந்தவும் இயலாமல், குனியவும் இயலாமல், விரல் நுனியை நனைத்துக்கொண்டு போய்விடுகின்றனர். நனைந்த தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் கதையை ஒவ்வோர் ஊரிலும் கேட்கலாம்.

இவ்விரு குறைகளையும் ஒன்றாகத் தீர்க்கலாம் என்பதே இக்கட்டுரையில் சொல்ல வந்த செய்தி. பழைய மேஜையின் மீது பீங்கான் தொட்டி ஒன்றைப் பொருத்தினால், அது கை கழுவும் மேடையாகிவிடும். நகரத்துக் கடைகளில் ‘வேனிட்டி’ என்னும் பெயரால் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படுவது ஏறக்குறைய இதுவேதான்.

இதைப் புதிய நாகரிகம் என்று எண்ண வேண்டுவதில்லை. குழாய்நீர் வீட்டினுள் வருவதற்கு முன், 18, 19 ஆம் நூற்றாண்டுகளில், ஐரோப்பிய வீடுகளின் படுக்கையறையில் முகம் கழுவுவதற்கென்றே ஒரு மர மேஜை இருந்தது. பலகையில் வட்டமாகத் துளையிட்டு அதில் பீங்கான் கிண்ணத்தை இறக்கியிருப்பார்கள்; பக்கத்தில் நீர்க் கூஜா இருக்கும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துப் பங்களாக்களிலும் இது இருந்தது. அவற்றுள் பலவற்றின் மேற்பலகை மரமன்று, சலவைக்கல். தண்ணீர் சிந்தும் இடத்தில் மரம் நில்லாது என்பதை அக்காலத்துத் தச்சர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். நான் அதை உணர்ந்தது ஒரு நல்ல மேஜையைக் கெடுத்த பிறகுதான்.

என் தாயாருக்கு முழங்கால் வலி மிகுந்தபொழுது, தந்தையார் பயன்படுத்திய தேக்கு மேஜையை இவ்வாறு மாற்றினேன். மேற்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, மூன்று முறை வார்னிஷ் பூசி, நடுவே வட்டம் அறுத்துத் தொட்டியை இறக்கினேன். பார்த்தவர் அனைவரும் மெச்சினர். ஓர் ஐப்பசி, கார்த்திகை கடந்தது. தை மாதத்தில் தொட்டியின் விளிம்பைச் சுற்றி மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு மெத்தென்றாகிவிட்டது. தச்சரை அழைத்தேன். அவர் தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மேல்பக்கம் பளபளவென்று இருக்கிறது ஐயா; அறுத்த வாயில் ஒரு கோடு வார்னிஷ்கூட இல்லையே” என்றார். உண்மைதான். அறுத்த வாய் தொட்டியினால் மறைந்துவிடும், அதற்கு எதற்குப் பூச்சு என்று விட்டிருந்தேன்.

மரத்தின் இயல்பு இவ்விடத்தில் விளங்க வேண்டும. மரம் என்பது மெல்லிய குழாய்களின் கட்டு போன்றது. வேரிலிருந்து நீரை மேலேற்றிய அந்த நுண்குழல்கள் மரம் காய்ந்த பின்னரும் அழிந்துவிடுவதில்லை. பலகையின் அகன்ற முகத்தில் குழல்கள் படுத்திருப்பதால் நீர் மெதுவாகவே புகும். குறுக்கே அறுத்த முனையில் குழல்களின் வாய்கள் திறந்திருப்பதால் நீர் பன்மடங்கு விரைவாக ஏறும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பைவிட, தெரியாத அறுப்பு வாய்க்கே மிகுந்த பூச்சு வேண்டும். மேஜைக் கால்களின் அடிமுனையும் இத்தகைய திறந்த வாய்தான். ஈரத் தரையில் நிற்கும் கால் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கரையான் முதலில் அங்கே வருவதும் இதனாலேயே.

இனி, எந்தச் சாமானைத் தெரிந்தெடுப்பது? தேக்கு, வேங்கை, பலா ஆகியவற்றின் வைரம் பாய்ந்த பகுதி சிறந்தது. தேக்கென்றாலும் வெளிர்நிறமான ஓரப்பகுதியைக் கரையானும் உளுவும் தின்னும். வைரத்தை எளிதில் அணுகா. மாம்பலகை மலிவானது, ஈரத்தில் விரைவில் கெடும். மேலே கல் வைப்பதாயின் அடிச்சட்டத்திற்கு ஓரளவு உதவும். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகையினாலான அலமாரிகளை அறவே தவிர்க்க வேண்டும். ஒருமுறை நீர் பட்டால் ரொட்டித்துண்டு போல் உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் வாங்கிய சாமான்களில் இவ்வகை மிகுதி. ஒட்டுப்பலகையாயின், 710 என்னும் இந்தியத் தர எண் பொறித்த, கடல்நீர் தாங்கும் வகை ஒன்றே நம்பத்தக்கது.

மேஜையைக் கவிழ்த்து வைத்துச் சோதித்தல் நலம். கத்திமுனையால் கால்களின் அடியிலும் மூட்டுகளிலும் குத்திப் பார்க்கவும். மாவு போன்ற தூள் உதிர்ந்தால் உளு இருக்கிறது. மண்வரி ஏறியிருந்தால் கரையான். அடியில் மூன்று அங்குலம் மட்டும் கெட்டிருந்தால் வருந்த வேண்டியதில்லை. எழுதும் மேஜையின் உயரம் பொதுவாக 30 அங்குலம். பலகையின் மேலே உட்காரும் தொட்டி மேலும் ஐந்தாறு அங்குலம் உயர்த்திவிடும். வளர்ந்தோர் கை கழுவத் தொட்டியின் விளிம்பு ஏறத்தாழ 32 அங்குல உயரத்தில் இருந்தால் போதும். எனவே கால்களில் மூன்று, நான்கு அங்குலம் அறுத்தே ஆக வேண்டும். கெட்ட பகுதியும் அதனோடு போய்விடும். அறுத்த முனைகளை வார்னிஷ் நிரப்பிய தகரக் குவளையில் ஓர் இரவு நிறுத்தி வைத்தால், குழல்கள் நீருக்குப் பதிலாக வார்னிஷைக் குடித்து அடைத்துக்கொள்ளும். பின்னர் ஒவ்வொரு காலின் கீழும் ஒரு கருங்கல் துண்டு வைத்துத் தரையிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

உளு இருந்த மரத்திற்கு, வெங்காரத்தையும் போரிக் அமிலத்தையும் வெந்நீரில் கரைத்து, பூச்சு நீக்கிய மரத்தின்மீது தடவி உலர விடலாம். இம்மருந்து நீரில் கரைந்து போகக்கூடியதாதலால் மேலே வார்னிஷ் கட்டாயம் வேண்டும்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. முற்காலப் பெயின்டுகளில் ஈயம் கலந்திருந்தது. வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆதலால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீர் தெளித்து ஈரத்தோடு தேய்த்து, தூளை ஈரத்துணியால் வழித்தெடுத்து, குழந்தைகளும் கோழிகளும் அணுகாதவாறு அப்புறப்படுத்த வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம்.

பூசும் எண்ணெயிலும் பலர் தவறுகின்றனர். தேங்காய் எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் வீட்டில் இருக்கின்றன என்று தடவினால், அவை உலர்ந்து இறுகுவதில்லை; பிசுபிசுப்பும் தூசியுமே மிஞ்சும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகும் இயல்புடையது. ஆனால் அது தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். வேலை முடிந்ததும் துணியை நீரில் அமிழ்த்த வேண்டும், அல்லது திறந்தவெளியில் விரித்து உலர்த்த வேண்டும். முந்திரிக்கொட்டை எண்ணெய் படகுகளுக்குப் பூசப்பட்டு வந்தது. மரத்தைக் காப்பதில் வல்லது. தோலைப் புண்ணாக்குமாதலால், கையுறையின்றித் தொடலாகாது. இவற்றுள் எதைப் பூசினாலும் பலகையின் அடிப்புறத்தையும் விடலாகாது. ஒருபுறம் மட்டும் பூசிய பலகை மறுபுறம் ஈரம் குடித்து வில்லாக வளையும்.

இவ்வளவு தொல்லை வேண்டாம் என்போர்க்கு எளிய வழி ஒன்றுண்டு. நானும் இரண்டாம் முறை அதையே செய்தேன். மேற்பலகையின் மீது முக்கால் அங்குலக் கடப்பைக் கல் பதித்துவிடுவது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள கல் ஏறத்தாழ 20 கிலோ எடையிருக்கும். உறுதியான மேஜை அதைத் தாங்கும். கல்லறுப்பவரிடமே தொட்டிக்கான துளையையும் போட்டு வாங்கிவிடலாம். என் தாயார் இறக்கும் வரை அந்த மேடை சிறிதும் கெடவில்லை, இன்றும் இருக்கிறது.

துளையிடுமுன் மேஜையின் அடியில் குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சட்டத்தை அறுத்தால் மேஜை ஆடிப்போகும். தொட்டியைக் காகிதத்தின் மீது கவிழ்த்து அளவெடுத்து, அதைவிட அரை அங்குலம் உள்ளடங்கலாக அறுப்பது முறை. இழுப்பறை இருந்தால் அதன் பின்பகுதியைக் குழாய்க்கு இடம்விட்டு வெட்டிவிட்டால், சோப்பும் சீப்பும் வைக்க உதவும். நீர்க்குழாயை மேஜையில் பொருத்துவதைவிடச் சுவரிலிருந்து நீட்டுவதே மேல் என்பது என் கருத்து. குழாயின் அடியில் எப்பொழுதும் நிற்கும் ஈரம் மரத்திற்கு வராது.

தொட்டியிலிருந்து இறங்கும் கழிவுக்குழாய் 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலம். அது நேராக வெளியே போகலாகாது. இடையில் வளைந்து ஏறி இறங்கும் ஒரு பகுதி வேண்டும். அதில் தேங்கும் சிறிதளவு நீர், சாக்கடை நாற்றத்தையும் கரப்பான்பூச்சியையும் மேலே வரவொட்டாமல் தடுக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கை நுழையும் இடமும் இருக்கட்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கருத்தூன்ற வேண்டியது இதற்கு அடுத்த இடத்தில்: குழாயின் மறுமுனை எங்கே திறக்கிறது? தெருவில் திறந்தால், நாம் செய்தது சுகாதாரப் பணியன்று. வீட்டில் கை சுத்தமாகும். தெருவில் நீர் தேங்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலக்ஸ் கொசு இத்தகைய அழுக்கு நீரில்தான் முட்டையிடுகிறது. கொல்லையில் இடமுள்ளவர் நான்கு வாழைக்கன்றுகளுக்கு இந்நீரைத் திருப்பலாம். மற்றவர் மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி தோண்டி, உடைகல்லும் செங்கல்லும் நிரப்பி உறிஞ்சு குழி அமைக்கலாம். குடிநீர்க் கிணற்றிற்கு அருகில் மட்டும் வேண்டாம். களிமண் நிலத்தில் நீர் எளிதில் உறிஞ்சாது. அங்கே பல வீடுகளுக்குப் பொதுவான மூடிய வடிகாலைப் பஞ்சாயத்தே அமைக்க வேண்டியிருக்கும். குழாய் இணைப்புக்குக் காட்டிய ஊக்கத்தை இதில் நாம் காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடங்களில் உடைந்த பெஞ்சுகளும் மேஜைகளும் குவிந்து கிடப்பதைக் கண்டு, அவற்றையும் இவ்வாறு மாற்றலாமே என்று தோன்றும். மாற்றலாம். ஆனால் அவை இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொதுச் சொத்து. உரிய அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவும், பஞ்சாயத்தின் தீர்மானமும் பெற்ற பிறகே ரம்பத்தை வைக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்த வேலையும் தணிக்கையின்போது தலைவலியாக முடிவதுண்டு. சிறுவர்க்கான மேடையில் விளிம்பு 20 முதல் 24 அங்குல உயரத்தில் அமையட்டும். நீண்ட பெஞ்சு ஒன்றில் மூன்று தொட்டிகள் வைத்தால், மதிய உணவு மணி அடித்தவுடன் வரிசை நீளாது. குழாய்நீர் தடைப்படும் நாள்களுக்காக, திருகு குழாய் பொருத்திய பிளாஸ்டிக் டிரம் ஒன்றை மேலே வைத்துக்கொள்வதும் நன்று.

ஆண்டுக்கொருமுறை, மழைக்காலத்திற்கு முன் புரட்டாசியில், தொட்டியின் விளிம்பில் வைத்த சிலிகான் பசை விட்டிருக்கிறதா என்று பார்த்து, விட்ட இடத்தில் பழையதை முழுதும் சுரண்டிவிட்டுப் புதியது வைக்க வேண்டும். பழைய பசையின்மீது புதியது ஒட்டாது.

அறுத்தெடுத்த வட்டப் பலகையை எறிந்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு குமிழ் வைத்து, அரிசிப் பானைக்கு மூடியாக்கிக் கொண்டோம்.