சர்வர் வாங்குமுன் ஒரு வாட் கணக்கு

நாவலூரைத் தாண்டிக் கேளம்பாக்கம் நோக்கிப் போகும் வழியில், சிறுசேரி சிப்காட் வளாகத்தில் டேட்டா சென்டர் எனப்படும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. கிடங்கின் அளவைச் சதுர அடியில் சொல்வது நம் வழக்கம். இவற்றின் அளவையோ மெகாவாட்டில் சொல்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பட்ட அதானிகனெக்ஸ் மையத்தின் முதற்கட்ட அளவு 17 மெகாவாட். முழு அளவு 33 மெகாவாட் என்று அறிவிக்கப்பட்டது.

இடத்தை விட்டுவிட்டு மின்சாரத்தை ஏன் அளவாகச் சொல்கிறார்கள்? இதன் காரணம் புரிந்தால், நம் கடை மாடியில் வைக்கும் சர்வருக்கும் நாமே கணக்குப் போடலாம்.

பல கிளைகள் நடத்தும் மொத்த வியாபாரிகள் பில், சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. கணக்கு ஆகியவற்றைச் சொந்த சர்வரில் வைத்திருக்கிறார்கள். கடையிலேயே வைப்பதா, மையத்தில் ரேக் வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்வி வரும்போது கணக்கு தவறக் கூடாது. கூடுதலாகப் போட்டால் உபயோகிக்காத மின்சாரத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவோம். குறைவாகப் போட்டால் தீபாவளிக்கு முதல் நாள் பில் நின்றுபோகும்.

பஞ்சும் இரும்பும்

லாரியில் பஞ்சு ஏற்றினால் இடம் முதலில் தீரும். இரும்புக் கம்பி ஏற்றினால் இடம் மீதி இருக்கும்போதே எடை தீர்ந்துவிடும். ரேக்கும் அப்படித்தான். சாதாரண ரேக்கின் உயரம் 42 'யூ'. ஒரு யூ என்பது ஒன்றே முக்கால் அங்குலம். இரண்டு யூ உயரமுள்ள சர்வர்கள் 21 அடுக்கலாம். ஆனால் அந்த ரேக்குக்கு 6 கிலோவாட் மின்சாரம்தான் ஒதுக்கீடு, ஒவ்வொரு சர்வரும் 500 வாட் எடுக்கும் என்றால், 12 சர்வருடன் நின்றுவிட வேண்டும். மீதி இடம் காலிதான். செயற்கை நுண்ணறிவுக்கான என்விடியா டி.ஜி.எக்ஸ். எச்100 கருவி 8 யூ உயரத்தில் 10.2 கிலோவாட் வரை எடுக்கிறது. இது இரும்புக் கம்பிச் சரக்கு. மையங்கள் மெகாவாட்டில் பேசுவதன் காரணம் இதுவே.

தாளில் உள்ளதும் மீட்டரில் ஓடுவதும்

ஒரு வியாபாரியிடம் நான்கு சர்வர்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். விவரத் தாளில் '800 வாட் பவர் சப்ளை, இரண்டு' என்றிருக்கும். இரண்டையும் கூட்டி நான்கால் பெருக்கினால் 6,400 வாட் வரும். இந்தக் கணக்கில் இரண்டு பிழைகள் உண்டு. இரண்டாவது பவர் சப்ளை, ஒன்று பழுதானால் மற்றது தாங்குவதற்காக வைத்தது. அதைக் கூட்டக் கூடாது. மேலும், 800 வாட் என்பது அது தரக்கூடிய உச்ச அளவு. சர்வர் எடுக்கும் அளவு அன்று. அளந்து பார்த்தால் ஒரு சர்வர் உச்ச நேரத்தில் 350 வாட்தான் எடுக்கிறது என்றால், நான்குக்கும் 1,400 வாட். வளர்ச்சிக்காகக் கால்பங்கு சேர்த்தால் 1,750 வாட். 6,400 எங்கே, 1,750 எங்கே!

பெரும்பாலான சர்வர்களில் எடுக்கும் வாட்டைத் திரையிலேயே பார்க்க வசதி உண்டு. இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அளக்கலாம். அளக்கும் நாள் முக்கியம். மளிகைக் கடையானால் மாதத்தின் முதல் வாரம், ஜவுளிக் கடையானால் தீபாவளி நெருக்கம். மந்தமான நாளில் அளந்த கணக்கும், மாதச் சராசரியும் நம்மை ஏமாற்றிவிடும்.

அதே நாளில் பிராசசர், ராம், டிஸ்க் மூன்றில் எது முதலில் நிரம்புகிறது என்றும் பாருங்கள். பிராசசர் சும்மா இருக்க, ராம் மட்டும் நிரம்பியிருந்தால் ராம் கூட்டினாலே போதும். புது சர்வர் வேண்டியதில்லை.

ஒன்று போனால் மற்றது

சுமை இரண்டாகப் பிரிகிறதே என்று 1 கிலோவாட் யு.பி.எஸ். இரண்டு வாங்குவது பெரிய ஆபத்து. சாதாரண நாளில் ஒவ்வொன்றும் 700 வாட் தாங்கும். ஒன்று பழுதானால் 1,400 வாட்டும் மற்றதன் தலையில் விழும்; அதுவும் நின்றுவிடும். ஒவ்வொரு யு.பி.எஸ்.ஸும் தனியாக முழுச் சுமையைத் தாங்க வேண்டும்.

சர்வர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் சூடாக மாறுகிறது. ஒரு டன் ஏ.சி. சுமார் மூன்றரை கிலோவாட் சூட்டை வெளியேற்றும். 1,750 வாட்டுக்கு அரை டன் போதும், யு.பி.எஸ். சூட்டையும் மாடி வெயிலையும் சேர்த்து ஒரு டன் என்று கொள்ளலாம். 2 டன் ஏ.சி. ஒன்று வாங்குவதைவிட 1 டன் ஏ.சி. இரண்டு வாங்கி மாற்றி மாற்றி ஓட்டுவது மேல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் வெள்ளத்திலும் இருட்டிலும் தவித்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே ஜெனரேட்டர் கணக்கில் சர்வருடன் ஏ.சி.யையும் சேர்க்க வேண்டும். அதற்காகத் தேவைக்கு மீறிய பெரிய ஜெனரேட்டர் வாங்கிக் குறைந்த சுமையில் ஓட்டினால் யூனிட்டுக்கு டீசல் அதிகமாகும். என்ஜினில் கரியும் படியும்.

கையெழுத்துக்கு முன்

மையத்தில் வாடகைக்கு எடுப்பவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். ரேக்குக்கு எத்தனை கிலோவாட்? கட்டணம் ஒதுக்கீட்டுக்கா, மீட்டர்படியா? குளிரூட்டும் செலவு அதில் அடக்கமா? பிறகு கூட்டவோ குறைக்கவோ வழி உண்டா?

சரக்கை எடை போடாமல் நாம் கொள்முதல் செய்வதில்லை. மின்சாரமும் சரக்குதான். அளந்து வாங்குவோம்.