கேமரன் மலைத் தோட்ட வேலைக்கு எந்தக் கைப்பேசி உறை தாங்கும்?

கோலா தெர்லா, கம்போங் ராஜா, ப்ளூ வேலி வட்டாரத்தில் வேலை பார்ப்பவரின் கைப்பேசி படும் பாடு தனி. காலையில் பனி, மதியத்துக்கு மேல் மழை, காலுக்கடியில் சரிவு, கை முழுக்க மண். கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இருவர் பிடித்து நடக்கும்போதோ, காய்கறித் தோட்டத்தில் மருந்து டாங்கியை முதுகில் சுமந்து குனியும்போதோ சட்டைப் பையிலிருந்து நழுவினால், எடுத்துப் பார்ப்பதற்குள் அது பத்தடி கீழே உருண்டிருக்கும். தேயிலைப் புதர் மேல் விழுந்தால் பிழைத்தது. தார்ச்சாலையிலோ கல்லிலோ விழுந்தால் கண்ணாடி போனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 65 ரிங்கிட் 38 சென். திரை மாற்றுவதற்குப் பல நாள் கூலி போய்விடும். சில மலிவுக் கைப்பேசிகளுக்குத் திரை மாற்றுவதைவிடப் புதிதாக வாங்குவதே மேல் என்று கடைக்காரரே சொல்வார். நல்ல உறை ஒன்று பெரும்பாலும் ஒரு நாள் கூலிக்குள் அடங்கும்.

பணம் மட்டும் பிரச்சினை இல்லை. வங்கிக் கணக்கு, பிள்ளையின் பள்ளி வாட்சப் குழு, அரசாங்க உதவிக்கான விண்ணப்பம் எல்லாம் இன்று அதற்குள்தான். 2024 ஜனவரி 26 அதிகாலையில் ப்ளூ வேலியில் மண் சரிந்து மியன்மார் நாட்டுத் தொழிலாளர்கள் ஐவர் உயிரிழந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்கால இரவில் 999-ஐ அழைக்கவோ, அடுத்த லயத்தில் இருப்பவரை எழுப்பவோ அந்த ஒரு கருவிதான் கையில் இருக்கிறது.

சரி, கடையில் எதைப் பார்ப்பது? முதலில் மூலை. கைப்பேசி பெரும்பாலும் மூலை குத்தித்தான் விழும். அடி முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் இறங்குவதால்தான் கண்ணாடி அங்கிருந்து வெடித்துக் கிளம்புகிறது. ஆகவே நான்கு மூலையும் தடித்து, கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கி மீள வேண்டும். கல் மாதிரி இறுகிய வெறும் பிளாஸ்டிக் உறை அடியை உள்ளே அப்படியே கடத்திவிடும். டிபியு என்று கடைகளில் சொல்லும் ரப்பர் போன்ற பொருள் அடியை வாங்கிக்கொள்ளும். உள்ளே டிபியு, முதுகில் கெட்டியான பாலிகார்பனேட் என இரண்டும் சேர்ந்தது தோட்ட வேலைக்குப் பொருத்தம்.

அடுத்தது விளிம்பு. கைப்பேசியை உறையோடு மேசை மேல் குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள். கண்ணாடி மேசையைத் தொடக்கூடாது. உறையின் விளிம்பு ஒரு மில்லிமீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும். பின்புறம் கேமராவைச் சுற்றியும் அதே மாதிரி. திரைக்கு ஒட்டும் கண்ணாடியில் '9எச்' என்று எழுதியிருப்பார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். மணலில் உள்ள படிகக்கல் துகள் பென்சிலைவிட வெகு கெட்டி, கீறத்தான் செய்யும். ஆனாலும் ஒட்டுங்கள், கீறல் அந்த மலிவுக் கண்ணாடியோடு போகட்டும்.

'மிலிட்டரி கிரேட்' என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மில்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. ராணுவம் எந்த உறைக்கும் முத்திரை குத்தித் தருவதில்லை. தயாரிப்பாளரே சோதித்து, தானே அச்சடித்துக்கொள்கிறார். வழக்கமான விழுதல் சோதனையில் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போடுவார்கள். தரையோ கான்கிரீட் மேல் வைத்த ஒட்டுப்பலகை. அந்த 26 அடியையும் ஒரே கருவி வாங்க வேண்டும் என்றும் இல்லை, ஐந்து கருவிகள் வரை பங்கு போட்டுக்கொள்ளலாம். நம் மலைப் பாதையில் ஒட்டுப்பலகை ஏது!

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண உறை எதுவும் தண்ணீரைத் தடுக்காது. ஐபி67 என்பது கைப்பேசிக்கே உரிய தரம்: ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். சோப்பு நீருக்கும் உரம் கலந்த நீருக்கும் அந்தச் சோதனை பேசவில்லை. கடையில் ஒருமுறை திரை மாற்றிவிட்டால் பழைய அடைப்பு அதே மாதிரி இருக்கும் என்று நம்ப முடியாது. நனைந்துவிட்டால் உடனே உறையைக் கழற்றி, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி பிடித்துத் தட்டி, காற்றில் உலர விடுங்கள். ஈரம் காயும்வரை சார்ஜில் போடாதீர்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம் என்று 2024-இல் ஆப்பிள் நிறுவனமே சொல்லிவிட்டது. அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும்.

உரம் போடுகிறவர்கள் சார்ஜ் துளைக்கு மூடி உள்ள உறையாகத் தேடுவது நல்லது. உரத்தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தை அரித்துவிடும்.

இதைவிடப் பெரிய கவலை பூச்சி மருந்து. மருந்து அடித்த கையோடு கைப்பேசியைத் தொடுகிறோம். மாலையில் வீட்டுக்குப் போனதும் அதே கைப்பேசியைக் குழந்தை வாங்கிக் கார்ட்டூன் பார்க்கிறது, விரலை வாயிலும் வைக்கிறது. கையைக் கழுவும் நாம் கைப்பேசியைக் கழுவுவதில்லை. அதனால் தோல், துணி, பஞ்சு வைத்த உறை தோட்டத்துக்கு வேண்டாம். மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டக்கூடிய வழுவழுப்பான உறையே சரி. மருந்து அடிக்கும் நாளில் கைப்பேசியை லயத்திலேயே விட்டுச் செல்வது உத்தமம். முடியாவிட்டால் ஸிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, வேலை முடிந்ததும் பையை எறிந்துவிடுங்கள். மெல்லிய பைக்கு மேலேயே விரலால் தட்டி அழைக்கலாம். கொசு விரட்டியில் உள்ள டீட் சில பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும் என்பதால், பூசிய கையைத் துடைத்துவிட்டு எடுங்கள்.

புத்தகம் மாதிரி மடிக்கும் உறையை நம் பெண்கள் பலர் விரும்புகிறார்கள். மைகார்டு, வங்கி அட்டை, பத்து வெள்ளி நோட்டு எல்லாம் அதற்குள். பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்குப் போக வசதிதான். ஆனால் தொலைந்தால் எல்லாமே ஒன்றாகத் தொலையும். அடையாள அட்டைக்குத் தேசியப் பதிவுத் துறையில் தண்டமும் கட்ட வேண்டும்.

சரிவில் நிற்பவர்கள் உறையில் கயிறு கோக்கத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கயிற்றை இடுப்பு வாரில் மாட்டுங்கள். கழுத்தில் வேண்டவே வேண்டாம், வெட்டும் இயந்திரத்தில் சிக்கினால் ஆபத்து.

மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் கைப்பேசியைப் பொருத்தித் தாப்பா வரை இறங்குகிறவர்களுக்கு ஒன்று. இயந்திர அதிர்வு கேமராவின் தெளிவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் எச்சரித்தது. எவ்வளவு தடித்த உறையும் இதற்கு உதவாது. அதிர்வைக் குறைக்கும் பிடிப்பான் வாங்குங்கள், அல்லது பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய உறை எந்நாளும் உழைக்காது. வெயிலில் டிபியு மஞ்சளாகி, தளர்ந்து, மூலை தானாகக் கழன்று வரும். அப்போது மாற்றுங்கள். ஆனால் நேற்றுவரை சரியாக இருந்த உறை திடீரென இறுகி, கைப்பேசியின் முதுகு புடைத்துத் தெரிந்தால் குற்றம் உறையில் இல்லை. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி மாட்டாமல், சார்ஜில் போடாமல், அணைத்துக் கடைக்கு எடுத்துப் போங்கள்.